நீலந்துறை வழக்கம்

ஆட்டோ சந்துக்குள் திரும்பப் போனபோது அஜிதா வேண்டாமென்று சொல்லிக் குருசடிச் சிலுவை முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். கையில் ரோஜா மாலை. மடியில் வைத்தே கொண்டுவந்ததில் சேலையின் முன்பக்கம் நனைந்துபோயிருந்தது. கோவில் மணி ஒற்றை ஒற்றையாய் விழுந்துகொண்டிருந்தது. சின்னம்மை வியாகுலம்மாளின் வீடு அங்கிருந்து கண்ணெட்டும் தூரம்தான். பந்தல் தெரிந்தது, சிவப்பு நாற்காலிகள் தெரிந்தன, நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பி அவளைப் பார்ப்பதும் தெரிந்தது. ஆட்டோவிலேயே போயிருக்கலாம். வாசல் வரைக்குமாவது முகம் மறைந்திருக்கும்.

நாவல் எழுதும்போது இல்லாத பயம் இந்த ஊருக்கு வரும்போது வந்தது.

வியாகுலம்மாள் அவள் அம்மையின் தங்கை. அம்மை இரணியலில் ஒரு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தங்கை மேலத்துறையிலேயே இருந்து மீன் விற்றாள். பள்ளிக்கூடம் அடைத்தால் அஜிதாவுக்குக் கடற்கரைதான். அம்மை செத்த பிறகு லீவு இல்லாத நாட்களிலும் அங்கேதான் கிடந்தாள். பிறகு படித்து, கல்லூரியில் வேலை கிடைத்து, நாகர்கோவிலில் வீடெடுத்து, ஒருநாள் நாவல் எழுத உட்கார்ந்தபோது வேறு எந்த ஊரும் மனதில் வந்து நிற்கவில்லை. பெயரை மட்டும் நீலந்துறை என்று மாற்றினாள். கோவிலைத் தூக்கிக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மேலத்துறையில் இல்லாத ஒரு லைட் ஹவுஸை நட்டாள். கடலரிப்புக்குப் போட்டிருந்த கல்சுவரைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, தான் சின்ன வயதில் ஓடிய மணலைத் திரும்ப விரித்தாள். எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் காசா பணமா.

ஆளை மாற்றத்தான் மனம் வரவில்லை. நாவலில் வரும் மீன்காரி மரியபுஷ்பத்துக்குச் சின்னம்மையின் நடை, சின்னம்மையின் வெற்றிலைச் சிரிப்பு. சருவம் என்கிற மீன் பாத்திரத்தைப் பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்கிற கண்டக்டருக்குச் சின்னம்மை கொடுக்கும் வசவுகூட ஒரு சொல் குறையாமல் அப்படியே இருந்தது.

புத்தகம் வந்த சூட்டோடு சின்னம்மையின் மகன் பிரைட்டன் போனில் கூப்பிட்டான். "எங்கம்மைய நாலு பேரு சிரிக்க வச்சிட்டேல்லா. இனி இந்தப் பக்கம் வராத" என்றான். சின்னம்மை என்ன சொல்கிறாள் என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான். அதிலிருந்து மூன்று வருஷம் அஜிதா மேலத்துறைக்குப் போகவில்லை. போன் போட்டுச் சின்னம்மையிடமே கேட்டிருக்கலாம். கேட்டு, அவளும் அதையே சொல்லிவிட்டால்? கேட்காதவரைக்கும் பாதி நம்பிக்கையாவது கையில் இருக்கிறது என்று நினைத்தாள். நேற்று பிரைட்டனின் மனைவி பிரிஜா கூப்பிட்டு, மத்தியானம் சாயா குடித்துவிட்டுச் சாய்ந்த மாமி எழும்பவில்லை என்று சொன்னபோது அந்தப் பாதியும் போயிற்று. இனி யாரிடம் போய்க் கேட்பது?

பந்தலைத் தாண்டி உள்ளே போனாள். முன்னறையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டிக்குள் சின்னம்மை, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நல்ல சேலையில் படுத்திருந்தாள். உதட்டில் வெற்றிலைச் சிவப்பு இன்னும் போகவில்லை. அஜிதா கண்ணாடிமேல் மாலையை வைத்தாள். தலைமாட்டில் நின்ற பிரைட்டன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஒரு கிழவி நகர்ந்து இடம் கொடுக்க, அஜிதா உட்கார்ந்து அருள் நிறைந்த மரியே சொன்னாள். சின்னம்மையின் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். செத்தவர்கள் முகத்தில் அப்படியெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். தென்னை நிழலில் நாற்காலி போட்டுப் பக்கத்து வீட்டு ஏசுஅடிமை கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். வள்ளத்தை மகன்களிடம் கொடுத்துவிட்டு ஊர் விஷயங்களைப் பார்த்துக்கொள்கிறவர்.

"எட்டி அஜிதா, எப்பம் வந்தா? இரி."

"இப்பந்தான் மாமா."

"ஒனக்க லைட் ஹவுஸ் சுனாமியில போச்சு. தெரியுமா?"

அஜிதாவுக்கு விளங்கவில்லை. கேலியா, குத்தலா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனக்க புக்கத் தூக்கிட்டு காலேஜ் பிள்ளைய ஒரு வேன் நெறைய வந்துதுவ. நீலந்துறைன்னா இதுதானா தாத்தா, லைட் ஹவுஸ் எங்கன்னு கேட்டுதுவ. அது பாக்கணும்னா முட்டத்துக்குல்லா போணும்னு சொல்ல நான் வாயத் தொறந்தேன். பொறத்தால ஒனக்க சின்னம்மை வந்து நிக்கா. 'சுனாமியில போச்சு மக்கா'ன்னுட்டா."

"சின்னம்மையா?"

"பின்ன யாரு? எந்த லைட் ஹவுஸுட்டின்னு கேட்டேன். 'நீரு சும்மா கெடயும் ஓய்'ன்னா. அதுல ஒருத்தி, கோவிலு கடலப் பாத்துல்லா இருக்கணும்னு கேட்டா. 'பழைய கோவிலு பாத்துத்தான் இருந்துச்சு, புதுசு கெட்டும்போ மேஸ்திரி தப்பாத் திருப்பி வச்சிட்டான்'னா. மேஸ்திரி செத்துப்போனவன், வந்து கேக்கவா போறான்? பிள்ளைய ஒக்க அதையும் எழுதிட்டுப் போச்சுதுவ. அப்பறம் எத்தன கூட்டம் வந்தாலும் இவதான் முன்னால நடந்து காட்டுவா. எனக்கே இப்பம் அங்க ஒரு லைட் ஹவுஸ் நின்ன மாதிரித் தோணுது."

அடக்க வீட்டில் சிரிக்கக்கூடாது. அஜிதா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"அப்பம் சின்னம்மைக்கு எம்மேல கோவம் இல்லியா மாமா?"

"இல்லன்னு சொன்னா பொய்யாக்கும்" என்றார் ஏசுஅடிமை. "அத பிரிஜாட்ட கேளு. அவதான் புக்க படிச்சுக் குடுத்தது."

அஜிதா எழுந்து அடுக்களைக்குப் போனாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பெரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாயாவைப் பிரிஜா டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அழுது வீங்கின முகம். ஒரு டம்ளரை அஜிதா கையில் கொடுத்தாள்.

"மைனி, சின்னம்மைக்கு எதுக்கு எம்மேல கோவம்?"

பிரிஜா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "மத்தியானம் மீன் வித்துட்டு வந்து படுத்தாவன்னா படிக்கச் சொல்லுவாவ. முழுசும் எத்தன தடவ படிச்சாச்சு. ஒரே ஒரு பக்கம் மட்டும் படிக்க விடமாட்டாவ. அந்த எடம் வந்தா 'சவத்த தள்ளிப் படி'ம்பாவ."

எந்த இடம் என்று அஜிதாவுக்குத் தெரிந்தது. தெரிந்ததாக நினைத்தாள். கடல் கொண்டுபோன புருஷனுக்குப் பிறகு மரியபுஷ்பம் ஐஸ் பிளாண்ட்காரனைப் பார்த்துச் சிரிக்கிற அத்தியாயம். சின்னம்மையும் இளம் வயதில் தாலியறுத்தவள். அதை எழுதினபோதே அடித்துவிடலாமா என்று யோசித்தாள்.

"ஐஸ் பிளாண்ட்காரனா?"

"அதையா?" பிரிஜாவுக்கு அந்த வீங்கின முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. "அத திரும்பத் திரும்பல்லா படிக்கச் சொல்லுவாவ. இது வேற. மரியபுஷ்பம் நேத்துள்ள மீன மண்ணுல பொரட்டி, இன்னைக்கு கரையேறினதுன்னு சொல்லி விப்பால்லா, அதாக்கும். 'நான் என்னைக்குட்டி பழைய மீன் வித்தேன்? அவ ஊரு இரணியல் சந்தையில போய் கேக்கச் சொல்லு. வரட்டு, அவ தலையில சருவத்த கவுக்குதேன்'ன்னு குதிப்பாவ."

"என்கிட்ட ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லா மைனி."

"நானும் சொன்னேன். 'தப்பு பண்ணினவ அவ, அவதான் வரணும்'ன்னாவ. ஞாயித்துக்கிழமை ஆனா பெரிய மீன் ஒண்ணு விக்காம எடுத்து வைப்பாவ. யாருக்குன்னு சொல்ல மாட்டாவ. ராத்திரி அத நாங்கதான் தின்போம்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஒரு பக்கம், அதுவும் மீனைப் பற்றின பக்கம். இதற்காகவா இத்தனை காலம் நாகர்கோவிலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தோம் என்று இருந்தது அவளுக்கு. சின்னம்மை இங்கே காத்திருந்தாள், இவள் அங்கே பயந்திருந்தாள். நடுவில் முக்கால் மணி நேர பஸ். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின இடத்தில் அழுகை வந்து ஏறியது. வந்ததிலிருந்து வராத அழுகை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, சாயா டம்ளரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சின்னம்மா சின்னம்மா என்று வாய்விட்டே அழுதாள். பிரிஜா முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மூன்றரைக்குப் பங்குத்தந்தை வந்தார். மலையோரத்து ஊர்க்காரர், சின்ன வயசு, வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஜெபித்து மந்திரித்து எடுத்துக் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும். சின்னம்மையைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். பெட்டியை மூட ஆள் வந்தபோது, "ஒரு நிமிசம் ஃபாதர்" என்று ஒரு குரல் கேட்டது. சின்னம்மையோடு காலமெல்லாம் சந்தைக்குப் போன ஞானம். அவள் கையில் ஒரு தட்டு. தட்டில் சின்னம்மையின் சும்மாடு.

தலைக்கும் சருவத்துக்கும் நடுவில் வைக்கிற துணி வளையம். பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினது. மீனிலிருந்து வடிந்த வெள்ளமும் தலையெண்ணெயும் ஊறி நிறம் எதுவென்று சொல்ல முடியாமல் இருந்தது.

"சும்மாடு அவுக்கணும்" என்றாள் ஞானம்.

அஜிதா எழுதின வார்த்தை. மரியபுஷ்பம் சாகிற அத்தியாயம் அது. நீலந்துறையில் மீன்காரி செத்தால் மகள் அவளுடைய சும்மாட்டை அவிழ்த்து, கடலில் நனைத்துப் பிழிந்து, பெட்டிக்குள் கால்மாட்டில் வைப்பாள். அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. அத்தியாயத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல், வாடகை வீட்டுக் குளியலறையில் முண்டு பிழிந்துகொண்டிருந்தபோது அவளுக்குத் தோன்றியது அது.

"இது இங்க உள்ள வழக்கமா?" என்று கேட்டார் பங்குத்தந்தை.

"பண்டு முதலே உள்ளதாக்கும் ஃபாதர்" என்றாள் ஞானம். "எங்கம்மைக்கு நாந்தான் அவுத்தேன்."

ஞானத்தின் அம்மை செத்த அன்று அஜிதா இந்த ஊரில்தான் இருந்தாள். பெரிய லீவு. அடக்கத்துக்குச் சின்னம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். யாரும் எதையும் அவிழ்க்கவில்லை. அவள் ஞானத்தின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறவளின் முகமில்லை அது. ஞானத்தின் நினைவில் அவள் அவிழ்த்திருந்தாள், அவ்வளவுதான்.

"சருவம் சுமந்தவ கெட்டின சும்மாட்டோட போவப்பிடாது ஃபாதர். போன எடத்துலயும் சுமக்கச் சொல்லிருவானுவ" என்றாள் ஞானம்.

இந்த வரி நாவலில் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மகதான் அவுக்கணும். வியாகுலத்துக்குப் பெண்ணு இல்ல. அஜிதா மக மொறையாக்கும். அவ வருவா, அவ கையால அவுக்கணும்னு என்கிட்ட பறஞ்சு வச்சிருந்தா." ஞானம் தட்டை நீட்டினாள்.

அறையிலிருந்த எல்லாத் தலைகளும் அஜிதா பக்கம் திரும்பின. பங்குத்தந்தைக்கு அப்போதுதான் பிடிபட்டது. "மேடம், நீங்கதானே இந்த ஊரைப் பத்தி எழுதினது? எவ்வளவு பழைய வழக்கம் இது?"

அவள் பிரைட்டனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். இந்தக் கரையில் செத்த ஒவ்வொரு மனுஷியின் பெட்டிக்கும் தோள் கொடுத்தவன் அவன். யாருடைய சும்மாடு என்னவாயிற்று என்று அவனுக்குத் தெரியும். இது அவ கெட்டிவிட்ட கதை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் முன்னால் அவள் நாணிப்போய் வந்த வழியே திரும்பவேண்டும். அவளே சொல்லிவிடலாம், நான் உண்டாக்கியது ஃபாதர் என்று. அதுதான் நேர்மை. ஆனால் அதைச் சொன்னால் சின்னம்மை இத்தனை பேருக்குக் காட்டிக்கொடுத்த லைட் ஹவுஸ் இந்த நிமிஷமே விழுந்துவிடும்.

"பழசுதான் ஃபாதர்" என்றாள் அஜிதா.

பிரைட்டன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டிக்குள் கிடந்த அம்மையை ஒருமுறை பார்த்தான்.

"அம்மை சொல்லிட்டுப் போனதாக்கும், நடக்கட்டு" என்றான். பிறகு அஜிதாவிடம், "வா" என்றான்.

வராதே என்று சொன்ன அதே குரல்தான். அஜிதா தட்டை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நாவலில் சும்மாடு ஒரே இழுப்பில் அவிழும். இது அவிழவில்லை. சின்னம்மையின் முடிச்சு; இரண்டு நகம் ஒடிந்தது. பெண்கள் அவள் அவிழ்த்து முடிக்கும்வரைக்கும் ஜெபமாலையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முடிச்சு இளகியது. சுற்றுச் சுற்றாகப் பிரிக்கப் பிரிக்க, உள்மடிப்பில் சேலையின் உண்மையான நிறம் இருந்தது, நல்ல கிளிப்பச்சை. மடியில் மீன் செதில்கள் உதிர்ந்தன.

கடலுக்குப் போகிற வழியில், அடக்கம் முடியட்டும் என்று தொழிலுக்குப் போகாத வள்ளங்கள் வரிசையாகக் கரையில் கிடந்தன. நாவலில் அவள் மணலை விரித்திருந்தாள், இங்கே கல்சுவர். பெண்கள் மேலேயே நின்றுவிட்டார்கள். பிரைட்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் இறங்கினான்.

"கல்லு வழுக்கும். இதுல சவுட்டி வா."

அவன் மிதித்த கல்லையே மிதித்து அவளும் இறங்கினாள். அலை வந்து முழங்கால் வரைக்கும் நனைத்தது. துணியை விட்டு நனைத்து எடுத்தாள். கனத்தது. நாவலில் மகள் தனியாக நின்று பிழிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறுவாள்; அந்த இடத்தைப் பலர் பாராட்டியிருந்தார்கள். ஒரு சேலையின் பாதி நீளத் துணி நனைந்தால் ஒருத்தியால் பிழிய முடியாது என்பதை எழுதினவளும் யோசிக்கவில்லை, பாராட்டினவர்களும் யோசிக்கவில்லை. ஒரு பக்கத்தை முறுக்கினால் மறுபக்கம் கல்லில் இழுபட்டது.

பிரைட்டன் குனிந்து அந்த முனையை எடுத்தான். இரண்டடி பின்னால் போய் ஒரு கல்லில் கால் ஊன்றி நின்றான்.

"எண்ணே…" என்று தொடங்கினாள் அஜிதா.

"எட்டி, நீயும் நானும் ஒரே பக்கமா முறுக்குனா எப்பிடிப் பிழியும்? நீ அந்தப் பக்கம் முறுக்கு" என்றான் அவன்.

அவள் அந்தப் பக்கம் முறுக்கினாள். துணி நடுவில் இறுகி, தண்ணீர் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த கல்லில் விழுந்தது.